கருவியும் எந்திரமும்: ஆனந்த குமாரசுவாமியின் கலைக்கொள்கை – ஒரு மதிப்பீடு

புதிய கருவி ஒன்று கலையுலகினுள் புகும்போதெல்லாம் இருவகைக் குரல்கள் எழுவது இயல்பு. ‘கலை கெட்டது’ என்று இரங்குவது ஒரு குரல். ‘கலை எல்லார்க்கும் பொதுவாயிற்று’ என்று மகிழ்வது மற்றொரு குரல். அச்சுப்பொறி வந்தபோதும், புகைப்படக் கருவி வந்தபோதும், இசைத்தட்டும் பேசும் படமும் வந்தபோதும் இவ்விரு குரல்களும் கேட்டன. கணினியே கவிதை யாத்து ஓவியம் தீட்டும் இந்நாளிலும் அவையே கேட்கின்றன. ஆயினும் இரக்கமும் மகிழ்ச்சியும் உணர்ச்சிகளேயன்றி ஆராய்ச்சியாகா. எந்திரம் கலையிலிருந்து எதனை எடுத்துக்கொள்கிறது, எதனைத் தருகிறது, யாரிடமிருந்து எடுத்து யாருக்குத் தருகிறது என்று வகுத்துக் காண்பதே திறனாய்வின் கடன்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கடனை ஆற்றியோருள் இருவர் தனித்து நோக்கத்தக்கவர். ஒருவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947). மற்றவர் பெர்லினில் பிறந்த வால்ட்டர் பெஞ்சமின் (1892–1940). முன்னவர் மரபின் பக்கம் நின்றவர். பின்னவர் மார்க்சியச் சிந்தனையின் பக்கம் நின்றவர். குமாரசுவாமியின் ‘கலையில் இயற்கையின் உருமாற்றம்’ என்னும் ஆங்கில நூல் 1934இல் வெளிவந்தது. கலைப்படைப்புகளை எந்திரம் படியெடுக்கும் காலத்தைப் பற்றிய பெஞ்சமினின் புகழ்பெற்ற கட்டுரை, 1936இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாக முதன்முதல் அச்சேறியது. ஒரே பத்தாண்டில், வெவ்வேறு கரைகளில் நின்று, இருவரும் ஒரே வெள்ளத்தை நோக்கினர். குமாரசுவாமியின் கொள்கையைப் பெஞ்சமினின் பார்வையோடு ஒப்பவைத்து, அதில் கொள்வன யாவை, தள்ளுவன யாவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மண்ணியலாளர் கண்ட மாற்றம்

குமாரசுவாமியின் தந்தையார் சர் முத்து குமாரசுவாமி ஈழத் தமிழ் மரபினர். இலங்கைச் சட்டசபையில் வீற்றிருந்தவர். அரிச்சந்திரன் கதையை 1863இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர். தாயார் ஆங்கிலேய மாது. தந்தையார் 1879இல் மறைந்தமையால் மைந்தர் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். லண்டனில் அவர் பயின்றது கலையன்று, மண்ணியலும் தாவரவியலுமே. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராகப் பணியாற்றினார். தோரியனைட்டு என்னும் கனிமத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஆகவே, அறிவியலை அறியாமையால் எந்திரத்தை வெறுத்தவர் என்று அவரை ஒதுக்கிவிடல் இயலாது.

கனிமம் தேடி மலைநாட்டுச் சிற்றூர்களில் திரிந்த காலத்தில் அவர் வேறொன்றையும் கண்டார். கண்டி அரசர் காலத்திலிருந்து வழிவழி வந்த தச்சர், கொல்லர், நெசவாளர், ஓவியர் ஆகியோரின் தொழில்கள் நலிந்துகொண்டிருந்தன. ஆலையிற் செய்து கப்பலில் வந்த மலிவுப் பண்டங்கள் அவர்தம் கைப்பொருள்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இந்த அழிவை நேரிற் கண்டதன் விளைவே, 1908இல் அவர் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். அந்நூலை அவர் அச்சிட்ட முறையும் ஒரு கொள்கை விளக்கமாகவே அமைந்தது. வில்லியம் மோரிசு ஒருகாலத்திற் பயன்படுத்திய கை அச்சுப்பொறியில், இங்கிலாந்தில் தாம் வாழ்ந்த இல்லத்திலேயே, ஏறத்தாழ 15 மாதம் உழைத்து 425 படிகள் மட்டும் அச்சிடுவித்தார்.

இங்கே திறனாய்வாளர் ஒரு முரணைக் காணாதிருக்க முடியாது. கைவினைஞரின் உயர்வை உலகுக்குக் காட்டிய அந்நூல், அக்கைவினைஞருள் எத்தனை பேர் கைக்கு எட்டியிருக்கும்? அன்றியும் அச்சுப்பொறியே படியெடுக்கும் சாதனம்தான். பனையோலையில் எழுத்தாணி பிடித்தோர் கண்ணுக்கு அதுவும் ஓர் எந்திரமாகவே தோன்றியிருக்கும். எந்திரம் என்று எதனைச் சொல்வது, கருவி என்று எதனைச் சொல்வது என்ற வினாவுக்கு விடை கூறாமல் இம்முரண் தீராது. குமாரசுவாமி அதற்கும் விடை கூறியிருக்கிறார்.

கருவி எது? எந்திரம் எது?

கம்பளம் நெய்யும் தறி பாவு நூல்களை இழுத்துப் பிடித்துத் தருகிறது. பூவேலையைப் பின்னுவது நெசவாளியின் விரல். அங்கே தறி கருவியாகும். ஆலையிலுள்ள எந்திரத் தறியோ, மனிதன் செய்யவேண்டிய பகுதியையே தான் செய்துவிடுகிறது. மனிதன் அதற்கு ஏவலாளாக நின்று அறுந்த நூலை முடிபோடுகிறான். அங்கே தறி எந்திரமாகும். இதுவே குமாரசுவாமி கண்ட வேறுபாடு. பொருளியலறிஞர் சூமாக்கர் 1973இல் வெளியிட்ட ‘சிறியதே அழகு’ என்னும் நூலில் இவ்வேறுபாட்டை எடுத்தாண்டபின் இது உலகறிந்த கருத்தாயிற்று. இதன்படி, ஒரு சாதனம் கருவியா எந்திரமா என்பதை அதன் உருவமோ அதிலுள்ள சக்கரங்களோ முடிவு செய்வதில்லை. வேலையின் எப்பகுதியை அது எடுத்துக்கொள்கிறது என்பதே முடிவு செய்கிறது. எழுத்தைக் கோத்து, தாளின் ஓரத்தை அளந்து, மையின் அடர்த்தியைத் தீர்மானிக்கும் அச்சுத் தொழிலாளி சிந்திக்கிறான். ஆதலின் கை அச்சுப்பொறி கருவியே.

1909இல் வெளியான ‘தேசிய இலட்சியக் கட்டுரைகள்’ என்னும் தொகுப்பில் கிராமபோனைப் பற்றியே அவர் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியாவில் இசைத்தட்டுப் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கி ஏழாண்டுகளே ஆகியிருந்தன. மனிதக் குரலே இசையில் உயர்ந்தது. விரல் எப்போதும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் யாழ்வகைக் கருவிகள் அடுத்த நிலையின. பியானோ அவற்றினும் தாழ்ந்தது. ஆர்மோனியம் அதனினும் தாழ்ந்தது. கிராமபோன் எல்லாவற்றிலும் கடைப்பட்டது என்று அவர் ஒரு வரிசை வகுத்தார். இசைப்போனுக்கும் ஒலிக்கும் இடையே பொறிகள் மிகுந்தோறும் இசை குன்றும் என்பது அவர் துணிபு. ஆர்மோனியத்தின் மீதிருந்த இவ்வெறுப்பு அவர் ஒருவருக்கே உரியதன்று. அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்துக்கு விதித்த தடை 1971இல்தான் தளர்ந்தது.

இவ்வெறுப்புக்கு அடியில் ஆழ்ந்த மெய்ப்பொருட் கொள்கை ஒன்று உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட எப்பொருளும் கலைப்பொருள். அதனைச் செய்தவர் எவரும் கலைஞர். கலைஞர் என்று தனியினம் ஒன்றில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலில் கலைஞராக இருத்தல் வேண்டும். ஆலை முறை இதனை இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒருபுறம் சிந்தனையில்லாத உழைப்பு. மறுபுறம் பயனில்லாத அழகு. முன்னது தொழிலாளிக்கு, பின்னது செல்வர்க்கு. பிளவுபட்ட அழகைச் சேர்த்துவைக்கும் கூடமே அருங்காட்சியகம். 1917 முதல் தம் வாழ்நாள் முடியும்வரை அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் பணியாற்றிக்கொண்டே குமாரசுவாமி இதனைச் சொன்னார். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிவிக்காமல் அதன் அழகை மட்டும் காட்டுவது கல்வியாகாது என்பதே அவர் தம் காட்சியகத்துக்கும் விதித்த நெறி.

மறுகரைப் பார்வை

பெஞ்சமினின் நோக்கு செய்வோனைவிட்டுக் காண்போனிடம் செல்கிறது. கையாற் செய்த ஒரு சிற்பம் ஓரிடத்தில், ஒரு காலத்தில், ஒன்றே ஒன்றாக இருக்கிறது. அந்த ஒருமையினாலும் பழமையினாலும் அதைச் சூழ்ந்திருக்கும் அணுகற்கரிய தன்மையை அவர் ஒளிவட்டம் என்று பொருள்படும் சொல்லாற் குறித்தார். படியெடுக்கும் எந்திரம் அவ்வொளிவட்டத்தை அழிக்கிறது. கருவறைக்குள் ஒளிந்திருந்த உருவம் காண்பவர் கைக்கு வந்துவிடுகிறது. வழிபாட்டு மதிப்பு குறையக் காட்சி மதிப்பு ஏறுகிறது.

இதனைக் கண்டு பெஞ்சமின் இரங்கிமட்டும் நின்றுவிடவில்லை. ஒளிவட்டம் நீங்கிய இடத்தில் பொதுமக்களின் தீர்ப்புக்கு வழி பிறக்கிறது என்று அவர் நம்பினார். திரைப்படம் பார்ப்பவன் அஞ்சி வணங்குவதில்லை, மதிப்பிடுகிறான். இட்லரின் ஆட்சிக்குத் தப்பி அயல்நாட்டில் வாழ்ந்த அவருக்கு அந்நம்பிக்கை இன்றியமையாததாய் இருந்தது. அரசியலுக்கே அழகுப்பூச்சுப் பூசி மக்களைப் போருக்கு இழுத்த கூட்டத்தை அவர் கண்முன் கண்டவர். ஆயினும் அவர் நண்பர் அடோர்னோ 1936 மார்ச்சில் எழுதிய மடலில், திரைப்படத்தின் மீது பெஞ்சமின் அளவுக்கு மிஞ்சிய நம்பிக்கை வைத்துவிட்டார் என்று தடை எழுப்பினார். அத்தடையில் உண்மை உண்டு. அழகுப்பூச்சுப் பூசியவர்கள் ஏந்தியதும் அதே திரைப்படக் கருவியைத்தான்.

இவ்வாறு நோக்கின், இருவரும் எதிரெதிர் விடை கூறினர் என்பதைக் காட்டிலும் இருவேறு வினாக்களை எழுப்பினர் என்பதே பொருந்தும். எந்திரம் செய்வோனை என்ன செய்கிறது என்பது குமாரசுவாமியின் வினா. எந்திரம் காண்போனை என்ன செய்கிறது என்பது பெஞ்சமினின் வினா. இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பார்க்கத் தமிழர் கலை வரலாறே சான்று தருகிறது.

ஒரு திருமேனியும் ஒரு புகைப்படமும்

சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் மெழுகினால் உருச்செய்து வார்க்கப்பட்டவை. மெழுகுருவின் மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, உருக்கிய உலோகத்தை அவ்விடத்தில் ஊற்றி, ஆறியபின் மண்ணச்சை உடைப்பர். அச்சு உடைவதால் அதே திருமேனியை மறுமுறை வார்க்க இயலாது. பெஞ்சமின் கூறிய ஒருமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. ஆனால் வார்த்த சிற்பி தன் புதுமையைக் காட்ட முயன்றானல்லன். தியான சுலோகமும் தாள அளவும் வகுத்த உருவத்தை முதலில் உள்ளத்தில் கண்டு, பின் கையால் வடித்தான். குமாரசுவாமி போற்றிய படைப்பு முறை இதுவே.

அவருடைய ‘சிவ நடனம்’ என்னும் கட்டுரை 1912இல் சென்னையிலிருந்து வெளிவந்த ‘சித்தாந்த தீபிகை’ இதழில் முதலில் இடம்பெற்றது. 1918இல் அப்பெயரிலேயே அவர்தம் கட்டுரைத் தொகுதி நியூயார்க்கில் நூலாயிற்று. ஆடவல்லானின் தத்துவத்தை மேலைநாட்டார்க்கு உணர்த்தியதில் அக்கட்டுரைக்கு ஈடான பிறிதொன்றைக் காட்டல் அரிது. அதே காலத்தில் பிரெஞ்சுச் சிற்பி ரோதான் 1913இல் நடராசர் திருமேனியைப் பற்றி வியந்து எழுதினார். அவ்வெழுத்து, அவர் மறைந்தபின், 1921இல் குமாரசுவாமியின் எழுத்தும் இடம்பெற்ற அதே தொகுதியில் வெளிவந்தது. ரோதான் சென்னைக்கு வந்தவரல்லர். சென்னை அருங்காட்சியகத்துத் திருமேனிகளின் புகைப்படங்களைப் பார்த்தே அவர் எழுதினார்!

இந்நிகழ்ச்சி சிந்தனைக்குரியது. குமாரசுவாமி ஐயுற்ற எந்திரம்தான் அவர் போற்றிய திருமேனியை உலகப் பெருஞ்சிற்பி ஒருவரின் கண்முன் கொண்டு நிறுத்தியது. குமாரசுவாமியின் நூல்களும் புகைப்படத் தகடுகள் இன்றேல் பாதிப் பயனையே தந்திருக்கும். இவ்வளவில் பெஞ்சமினே வென்றார் எனலாம். ஆனால் அப்புகைப்படம் எதனைக் காட்டவில்லை? ஆடையும் மாலையும் அணிந்து, தோளில் ஏறி, வீதியில் உலா வரும் திருமேனியை அது காட்டவில்லை. ரோதான் கண்டது அழகிய உடலின் இயக்கத்தை. ஊரார் வணங்கியது தம்மைக் காண வந்த இறைவனை. பொருளின் பயனை மறைத்து அழகை மட்டும் காட்டும் பிளவு அங்கேயும் நிகழ்ந்தது.

அப்பிளவு ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட நடராசர் திருமேனி கடத்தப்பட்டு, கலைச்சந்தையில் விலைபோய், லண்டனை அடைந்தது. அதை மீட்க நடந்த வழக்கில், கோயிலே வழக்காடும் உரிமை உடையது என்பதை ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991இல் திருமேனி தமிழகம் திரும்பியது. வாங்கியவர்க்கு அது கலைப்பொருள். வழக்காடியவர்க்கு அது கோயிலின் இறைவன். வழிபாட்டு மதிப்பும் காட்சி மதிப்பும் நீதிமன்றத்திலேயே எதிரெதிர் நின்றன.

இசைத்தட்டும் திரையரங்கும்

இசையிலும் இதே இருமுகம் தோன்றுகிறது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே இசை அடங்கும். தோடி இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்த நாதசுர மேதை டி. என். இராசரத்தினம் பிள்ளை (1898–1956), இசைத்தட்டுக்காக அதனைச் சில நிமிடங்களுக்குள் சுருக்க நேர்ந்தது. கலைஞனுடைய கற்பனைக்கு எந்திரம் எல்லை வகுத்தது. குமாரசுவாமியின் அச்சம் பொய்க்கவில்லை. ஆனால் இராசரத்தினம் மறைந்து பல்லாண்டு கழிந்தும் அவர் தோடியைக் கேட்கும் பேறு அந்த எந்திரத்தினால்தானே வாய்த்தது? அன்றியும் அக்காலத்தில் இசை ஒலித்த இடங்கள் யாவர்க்கும் திறந்திருந்தனவா? மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடிந்ததே 1939இல்தான். தெருவோரத் தேநீர்க் கடையிற் சுழன்ற இசைத்தட்டு கேட்பவன் சாதியை வினவவில்லை.

முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கலை துய்த்த முதல் அரங்கு திரைப்படக் கொட்டகையே என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981இல் வெளியிட்ட தம் ஆய்வில் முன்வைத்தார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கொடுத்த காசு. காசினால் வரும் ஏற்றத்தாழ்வும் ஏற்றத்தாழ்வே. ஆயினும் காசு ஒருநாள் கைம்மாறக்கூடும், பிறப்பு மாறாது. பெஞ்சமின் ஐரோப்பாவில் இருந்து கண்ட உண்மை தமிழ்நாட்டுக் கொட்டகையில் இன்னும் கூர்மையாக விளங்கிற்று.

கொள்கையின் குறை

குமாரசுவாமியின் கொள்கையிலுள்ள பெருங்குறை இங்கேதான் வெளிப்படுகிறது. 1909இல் வெளியிட்ட ‘இந்தியக் கைவினைஞர்’ முதலாகத் தம் இறுதிக்கால எழுத்துகள் வரையில், தொழில் பிறப்புவழி அமைவதையும் வருண ஒழுங்கையும் அவர் போற்றிப் பேசினார். தந்தையின் தொழில் மைந்தனுக்கு வருவதாற் கைத்திறன் முதிரும் என்பது உண்மையே. எனினும் கைவினைஞன் மகன் கைவினைஞனாவது அவன் விருப்பமாயின் பேறு, விதியாயின் விலங்கு. தோலைப் பதப்படுத்தி, பறை செய்து, அதனை முழக்கிய கலைஞரை அம்மரபுதான் ஊருக்கு வெளியே நிறுத்தியது. செய்வோன் மாண்பே தம் கொள்கையின் உயிர் என்றவர், சில செய்வோர்க்கு மாண்பு மறுக்கப்பட்டதை அதற்குரிய அளவில் எடைபோடவில்லை. ஆலை கைவினைஞனின் சிந்தனையைப் பறித்தது என்பது மெய். சாதி அவன் தெரிவைப் பறித்தது என்பதும் மெய்.

கல்வியைப் பற்றிய அவர் கருத்தும் இவ்வாறே எச்சரிக்கையோடு கொள்ளத்தக்கது. எழுத்தறிவை அளவுகடந்து போற்றுவதைக் கண்டித்து 1944இல் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். காப்பியங்களை நினைவிற் சுமந்த மக்களுக்கு எழுத்தை மட்டும் கற்பித்து, அவர்தம் வாய்மொழிச் செல்வத்தைப் பறிப்பது கல்வியன்று என்பது அவர் வாதம். தோட்டப்புறத்துப் பாட்டிமார் எழுத்தறியாமலே தாலாட்டும் ஒப்பாரியும் கதைப்பாட்டும் நினைவில் வைத்திருந்ததை அறிந்தவர், இதில் ஒரு பாதி உண்மையென உடன்படுவர். மறுபாதியையும் மறத்தலாகாது. மலாயாத் தோட்டங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகள் எளியவை, ஓரறையில் எல்லா வகுப்பும் நடந்தவை பல. இருப்பினும் பால்மரம் வெட்டும் தொழிலாளியின் பிள்ளை, தன் வீட்டுச் சம்பளக் கணக்கைத் தானே படித்தறியவும், பெற்றோர் தொழிலன்றி வேறு தொழிலைக் கனவு காணவும் அவ்வெழுத்தே வழி திறந்தது. அக்கனவைப் பாட்டியின் நினைவாற்றல் மட்டும் தந்திருக்க முடியாது. பாட்டியின் பாட்டையும் பள்ளியின் எழுத்தையும் ஒருங்கே பிள்ளைக்கு உரிமையாக்குவதே நிறைவான கல்வி.

உரைகல்

இக்குறைகளைக் கழித்துவிட்டு நோக்கினாலும் குமாரசுவாமியின் கொள்கையில் எஞ்சி நிற்பது சிறிதன்று. கருவியையும் எந்திரத்தையும் அவர் வேறுபடுத்திய முறை, அவர் காணாத காலத்துக்கும் உரைகல்லாக நிற்கிறது. அதனோடு பெஞ்சமினின் வினாவையும் சேர்த்தால் உரைகல் நிறைவுபெறும். ஒரு புதிய சாதனம் வரும்போது இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டும். செய்வோனின் சிந்தனையை அது வளர்க்கிறதா, தானே எடுத்துக்கொள்கிறதா? இதுவரை கலையை அடையாதோர்க்கு அது கதவைத் திறக்கிறதா, புதியதொரு கதவைச் சாத்துகிறதா?

இவ்வினாக்கள் வகுப்பறைக்கும் உரியவை. அகராதி கருவி, சொல்லைத் தேடித் தெரிந்தெடுப்பவன் மாணவன். கணினியின் எழுத்துப் பலகை கருவி. வாக்கியத்தை அமைப்பவன் மாணவன். கைப்பேசியில் பழைய நாதசுரப் பதிவைக் கேட்டு இராகம் அறிவதும் கருவியின் பயனே; அக்கருவி, கச்சேரிக்குச் செல்ல வசதியற்ற பிள்ளைக்கும் இசையைக் கொண்டுவந்து தருகிறது. தலைப்பைக் கொடுத்தவுடன் கட்டுரை முழுவதையும் எழுதித் தரும் செயற்கை அறிவுச் சாதனமோ, கட்டுரைப் பயிற்சியைப் பொறுத்தவரையில் எந்திரத் தறியின் இனத்தைச் சேர்ந்தது. மாணவன் செய்யவேண்டிய பகுதியையே அது செய்துவிடுகிறது. அவனுக்கு எஞ்சுவது அறுந்த நூலை முடிபோடும் வேலை. கட்டுரை பிழையின்றி இருக்கலாம். ஆனால் கட்டுரைப் பயிற்சியின் பயன் தாளிலுள்ள கட்டுரையன்று. அதனை எழுதியதால் மாணவன் உள்ளம் அடைந்த வளர்ச்சியே. அதே சாதனம், மாணவன் எழுதியதைப் படித்து ஐயம் எழுப்பி அவனை மேலும் சிந்திக்கத் தூண்டுமாயின், கருவியாக மாறிவிடும். சாதனம் ஒன்றே, அது எந்தப் பகுதியை எடுத்துக்கொள்கிறது என்பதே வேறு.

ஆதலின் எந்திரத்தைக் கண்டு இரங்குவதும், அதனை வாழ்த்தி வரவேற்பதும் ஆசிரியர் பணியாகா. எந்தப் பகுதியை விட்டுக்கொடுக்கலாம், எந்தப் பகுதியை விடலாகாது என்று மாணவனே பகுத்தறியப் பயிற்றுவதே பணி. கனிமங்களைப் பகுத்துப் பழகிய கொழும்புத் தமிழரின் அறிவு, தறிகளையும் பகுத்துக் காட்டிச் சென்றது. அவர் பகுக்கத் தவறிய பிறப்பின் தளைகளையும் சேர்த்துப் பகுத்துக் காண்பது அவருக்குப் பின்வந்தோர் கடன்.